குத்துச்சண்டையில் எட்டு எடைப் பிரிவுகளில் வென்றது பெரிதா, ஒரே பிரிவில் நின்றது பெரிதா?

குளச்சல்காரன்:
பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் 1998இல் ஃப்ளைவெயிட் பிரிவில் பட்டம் வென்றவர். எடை வரம்பு வெறும் 50.8 கிலோ. 2010இல் மார்கரிட்டோவை அடித்து எட்டாவது பிரிவிலும் சாம்பியன் பெல்ட் கட்டினார். ஒரே எடையிலேயே நின்றவர்களை அவரோடு சேர்த்துப் பேசவே கூடாது.

தக்கலை அண்ணன்:
தம்பி, அந்த எட்டாவது பெல்ட்டின் எடை வரம்பு 154 பவுண்டு. ஒப்பந்தம் போட்டு 150 ஆக்கினார்கள். 2009இல் கோட்டோவோடு மோதியபோதும் அந்தப் பிரிவின் வரம்பான 147 இல்லை, 145. பெரிய ஆளை வற்றவைத்து அடித்ததற்கு முழு மார்க் கிடையாது.

எடை குறைப்பது என்னவென்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். போட்டிக்கு முந்தின நாள் என் சித்தி மகன் 600 கிராம் கூடுதல். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினான். ராத்திரி வீட்டில் எல்லோரும் மரச்சீனியும் சாளைக் கறியும் தின்ன, அவன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினான். விழுங்கவில்லை. காலையில் எடை சரியாக வந்தது. இரண்டாவது ரவுண்டில் அவனுக்குக் கை எழும்பவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அமெரிக்க வீரர் ஹாக்லரைப் பார், ஒரே பிரிவில் நின்றவர். 1980 முதல் 1987 வரை மிடில்வெயிட் சாம்பியன். 12 முறை பட்டத்தைக் காத்தார். யாரையும் எடை குறைத்து வரச் சொல்லவில்லை.

குளச்சல்காரன்:
அண்ணே, ஹாக்லருக்குப் பேர் வாங்கித் தந்த வெற்றிகள் எவை? 1983இல் டுரான், 1985இல் ஹெர்ன்ஸ். இரண்டு பேரும் கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர்கள். 1987இல் பட்டத்தைப் பறித்த லெனர்டும் அப்படித்தான். அவர்கள் துணிந்து ஏறியதால்தான் இன்றைக்கு நாம் ஹாக்லரைப் பேசுகிறோம்.

மார்த்தாண்டம் அக்கா:
நம்ம மேரி கோமை விட்டுவிட்டீர்களே. 48 கிலோவில் உலக சாம்பியன். ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லை. 51 கிலோவுக்கு ஏறி 2012இல் லண்டனில் வெண்கலம். அரையிறுதியில் அவரை வென்ற நிக்கோலா ஆடம்ஸ்தான் தங்கம் வாங்கினார். 2018இல் மறுபடியும் 48க்கு இறங்கி ஆறாவது உலகத் தங்கம். எனக்கு அந்த வெண்கலம்தான் பெரிது.

தக்கலை அண்ணன்:
மேரி கோமுக்கு மறுபேச்சு இல்லை அக்கா. தம்பி, அந்த நாலு பவுண்டுக்கு நீ பதில் சொல்லவில்லை.

குளச்சல்காரன்:
சொல்கிறேன் அண்ணே. எடை பார்த்த மறுநாள் மார்கரிட்டோ 17 பவுண்டு கூடுதலாகத்தான் ரிங்கில் ஏறினார். பாக்கியாவ் 148, அவர் 165. வற்றிப்போன ஆளா அது? வேண்டுமென்றால் எட்டாவதைக் கழித்துவிடுங்கள். ஏழு மிச்சம் இருக்கிறது.