நிறுவனத்துக்கு எக்ஸ் கணக்கு, ஊழியர்களின் சொந்தப் பதிவுகள்: எங்கே கோடு போடுவது?

முகப்புத்திண்ணை:
வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இரண்டு பழைய வீடுகளை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறோம். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை, காரைக்குடியில் பலகாரக் கடை. எல்லாம் ஒரே நிறுவனம், 34 பேர் வேலை. எக்ஸில் (பழைய ட்விட்டர்) நிறுவனப் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. வரவேற்பில் இருக்கும் தம்பி தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கியது. பட்டறை ஆட்களும் சமையல்கட்டுப் பையன்களும் அவரவர் கணக்கில் வேலையைப் பற்றி எழுதுகிறார்கள், அதைப் பார்த்து ஆர்டரும் வருகிறது. பங்குதாரர்களில் மூத்தவர் "செல்போனை வாசலிலேயே வாங்கி வை, யாரும் எதுவும் எழுத வேண்டாம்" என்கிறார். இளையவர் "எல்லாரும் எழுதட்டும், இலவச விளம்பரம்தானே" என்கிறார். எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை. எழுத்தில் ஒரு விதிமுறை வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும்? எங்கே கை சுடும்?

பெட்டகச்சாவி:
அண்ணே, விதிமுறையைப் பிறகு எழுதலாம். முதலில் கணக்கை நிறுவனத்தின் கைக்குக் கொண்டு வாருங்கள். இப்போதைக்கு அது நடைமுறையில் அந்தத் தம்பியின் சொத்து மாதிரிதான். அவர் நல்லவராகவே இருக்கட்டும், போன் தொலைந்தாலே கணக்கு போச்சு.

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் செய்யுங்கள். நிறுவன டொமைனில் தனி மெயில் ஒன்று, நிறுவனப் பெயரில் வாங்கிய சிம் ஒன்று, இரண்டையும் கணக்கில் மாற்றுங்கள். அதன் பிறகு பாஸ்வேர்டு. செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் செஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய் மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். அங்கேயே 'கனெக்டட் ஆப்ஸ்' இருக்கும். எப்போதோ ஒரு போட்டிக்கு அனுமதி கொடுத்த செயலிகள் இன்னும் உங்கள் பெயரில் எழுதும் உரிமையோடு கிடக்கலாம், அத்தனையையும் நீக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது, கட்டாயம். 2023 மார்ச்சுக்குப் பிறகு குறுஞ்செய்தியில் ஓடிபி வருவது கட்டணக் கணக்குகளுக்கு மட்டும். அந்தக் குறியீட்டைப் போனிலேயே தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி இலவசம், பாதுகாப்பும் அதிகம். அமைக்கும்போது திரையில் வரும் கியூஆர் குறியை இரண்டு போன்களில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று பங்குதாரரிடம். போன் தொலைந்தால் உள்ளே நுழைவதற்காகக் கடைசியில் தரும் பேக்கப் கோடை அச்செடுத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

எழுதுகிறவருக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. 'டெலிகேட்' வசதியில் அவருடைய சொந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதி மட்டும் தரலாம். வேலையை விட்டுப் போனால் ஒரு தட்டில் எடுத்துவிடலாம். நம் ஊர்க் கடைகள் பர்மாவிலும் மலாயாவிலும் நடந்தபோது மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்ததே, அதே ஒழுங்குதான். அடுத்தாள் கடிதம் எழுதலாம், பெட்டிச் சாவி மேலாளிடம்.

ஆனால் டெலிகேட்டிலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. சொந்தக் கணக்கும் நிறுவனக் கணக்கும் ஒரே செயலியில் இருக்கும். எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதற்கு, எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள குட்டிப் படம் மட்டும்தான் அடையாளம். 2012 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் நடக்கும்போது கிச்சன்எய்டு என்ற சமையலறைச் சாதன பிராண்டின் கணக்கிலிருந்து ஒபாமாவின் இறந்துபோன பாட்டியைக் கேலி செய்து ஒரு ட்வீட் போனது. ஊழியர் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து எழுதியது. பிராண்டின் தலைமைப் பொறுப்பாளர் தன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதனால் நிறுவனப் பதிவுக்கென்று ஒரு தனி போன் வையுங்கள், பழைய போன் போதும். அதில் ஒரு தனிக் கணக்குக்கு மட்டும் டெலிகேட் கொடுங்கள், அதில் யாருடைய சொந்தக் கணக்கும் கூடாது. முக்கியமாக, வரவேற்பில் வெளிநாட்டு விருந்தினர் பாஸ்போர்ட்டைப் படம் எடுக்கும் போனாக அது இருக்கவே கூடாது. கேலரியில் நாலு கோலப் படத்துக்கு நடுவே ஒரு பாஸ்போர்ட் இருந்து, அவசரத்தில் அதுவும் சேர்ந்து போனால் திரும்ப எடுக்க முடியாது.

பனையோலைக்கொட்டான்:
மேலே சொன்னது காவல். நான் வரவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வாயை மூடச் சொல்லும் மூத்தவருக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

கணினி விற்கும் டெல் நிறுவனம், தள்ளுபடிச் சரக்குக்கான தன் அவுட்லெட் ட்விட்டர் கணக்கு வழியாக 30 லட்சம் டாலர் விற்பனை கண்டதாக 2009ல் அறிவித்தது. அங்கே வேலை செய்தது ஒரே உத்தி: இருப்பில் இருக்கும் சரக்கு, விலை, இணைப்பு, அவ்வளவுதான். உங்களுக்கும் அது பொருந்தும். "மார்கழி மூன்றாம் வாரம் பட்டாலை பார்த்த அறை இரண்டு காலி", "இன்று மனகோலம் 40 பாக்கெட் தயார்" என்று எழுதுவது பத்து 'இனிய காலை வணக்கம்' பதிவுக்குச் சமம்.

அதைவிடப் பெரியது உங்கள் ஆட்களின் கைப்பக்குவம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது, அதன் மேல் காய்ந்த மணல் சிமென்ட் தூவுவது, பிறகு ஈரக் கலவை, தண்ணீரில் ஊறப்போடுவது, சூளையே இல்லாமல் இத்தனை பளபளப்பு எப்படி என்பதெல்லாம் பட்டறையில் நிற்பவர் எழுதினால்தான் உயிர் இருக்கும். "எலுமிச்சை, புளி சிந்தினால் உடனே துடைங்க, ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க" என்று ஒரு தொழிலாளி எழுதும் இரண்டு வரியால் வீடு கட்டுகிறவர் உங்களை நம்புவார். விளம்பர ஏஜென்சிக்கு இது வராது. வாயை அடைத்தால் இதைத்தான் இழப்பீர்கள்.

தமிழில் எழுதும்போது அளவு கவனிக்க வேண்டும். எக்ஸில் இலவசக் கணக்குக்கு ஒரு பதிவில் 280 இடம். ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதில்லை, புள்ளியையும் கால்களையும் கொம்புகளையும் தனித்தனியாக எண்ணும். 'ஆத்தங்குடி' நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. 'செட்டிநாடு' ஐந்து எழுத்து, அதற்கும் பத்து. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23. ஆகவே இணைப்போடு எழுதினால் கண்ணுக்கு 140 எழுத்து சுமாராகத்தான் தேறும். விலையும் தேதியும் முதல் வரியில் வரட்டும். எக்ஸ் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கையில் 300, அங்கே கண்ணுக்குத் தெரியும் எழுத்தே கணக்கு, தமிழுக்குத் தாராளம். த்ரெட்ஸில் 500. ஆனால் மூன்று இடத்திலும் கடை விரிக்காதீர்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத கணக்கு, விளக்கு எரியும் பூட்டிய கடை மாதிரி.

புகார் வரும். "ஏசி வேலை செய்யலை", "பத்துக் கல்லில் விரிசல்". பொதுவில் ஒரே பதில்: மன்னிப்பு, எந்தத் தேதி அல்லது எந்த ஆர்டர் என்று தனிச்செய்தியில் அனுப்பச் சொல்வது, எத்தனை மணிக்குள் பதில் வரும் என்பது. போன் எண்ணைப் பொதுவில் கேட்காதீர்கள். புகார் எழுதுகிறவர்களைத் தேடி வந்து 'கஸ்டமர் கேர்' என்ற போலிப் பெயரில் ஓடிபி கேட்கும் கும்பல் இதற்கென்றே சுற்றுகிறது. உங்கள் அறிமுகக் குறிப்பில் 160 இடம் உண்டு, அதில் பாதியை "ஓடிபி, யுபிஐ பின் கேட்க மாட்டோம்" என்பதற்குக் கொடுங்கள்.

இன்னொன்று. கூ என்ற நம் நாட்டுத் தளம் தமிழிலும் நடந்தது, 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பட்டியல் உங்கள் ஏட்டில் இருக்கட்டும், தளத்தை நம்பி விடாதீர்கள்.

இரண்டாங்கட்டு:
கொட்டான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆட்களை எழுத வைக்கிறேன் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. "நிறுவனப் பதிவை எல்லாரும் பகிர வேண்டும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஆணை போடுவதும், சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கேட்பதும் தவறு. இரவு பத்து மணிக்குப் புகாருக்குப் பதில் சொல்லும் பையனுக்கு அது வேலை நேரம்தான், சம்பளத்தில் கணக்கு வையுங்கள். இல்லையென்றால் பார்க்கும் நேரம் காலை 10, மாலை 6 என்று அறிமுகக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஏட்டுச்சுருள்:
விதிமுறையில் எழுத வேண்டிய தடைகளை மட்டும் சொல்கிறேன். நம் ஊருக்கே உரிய சில ஆபத்துகளைப் பொதுவான மாதிரிப் படிவங்களில் பார்க்க முடியாது.

பூட்டிய வீடுகள். கல் பதிக்கப் போகும் ஆட்கள் உள்ளே பார்ப்பதெல்லாம் அழகு: தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஊர்ப் பெயரோடு அந்த வளவின் (வீட்டு உள்கட்டு) படம் போனால், ஆளில்லாத வீட்டில் என்ன இருக்கிறது என்று திருடனுக்குப் பட்டியல் கொடுத்ததாகிவிடும். தரையை மட்டும், அருகிலிருந்து, இடக்குறி இல்லாமல், உரிமையாளர் எழுத்தில் சம்மதித்த பிறகு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

படப்பிடிப்பு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தத்தில் ரகசிய ஷரத்து இருக்கும். பத்து விநாடி வீடியோ கசிந்தாலும் ஒப்பந்தம் மீறியது நீங்கள்தான். காப்புரிமைப் புகாரில் கணக்கே முடக்கப்படலாம். அந்த நாட்களில் வேலை செய்பவர்களிடம் முன்னாலேயே கையெழுத்து வாங்குங்கள். விருந்தினர் படமும் அப்படித்தான், அறையைக் காலி செய்த பிறகே, அதுவும் கேட்ட பிறகே.

பழம்பொருள். 'நூற்றைம்பது வருஷத்து நிலைக்கதவு, வெளிநாட்டுக்கும் அனுப்புவோம்' என்று ஒரு பையன் ஆர்வத்தில் எழுதலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த, அதே வயதுள்ள பொருளும் தொல்பொருள்தான். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது, விற்பனைக்கே உரிமம் வேண்டும். அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

பலகாரக் கடை. கவுனி அரிசி சாப்பிட்டால் சுகர் குணமாகும் என்று எழுதவே கூடாது. 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. ருசியை எவ்வளவு வேண்டுமானாலும் புகழுங்கள், நோயைத் தொடாதீர்கள்.

ஊழியர் தன் கணக்கில் கடையைப் பாராட்டினால், தான் அங்கே வேலை பார்ப்பதைச் சொல்ல வேண்டும். விளம்பரத் தரக் குழுவான ஆஸ்கியின் 2021 நெறிமுறையும், மத்திய அரசின் 2022 வழிகாட்டுதலும் விளம்பரம் செய்பவரோடு உள்ள தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. வேலை உறவும் அப்படிப்பட்ட தொடர்புதான். "நான் இங்கதான் வேலை பாக்குறேன்" என்ற மூன்று நான்கு சொல் போதும். வாடிக்கையாளர் வேடத்தில் புகழுரை எழுதச் சொல்வது மோசடி.

எதைத் தடை செய்யக் கூடாது என்பதும் முக்கியம். சம்பளம், வேலை நேரம், பாதுகாப்புக் குறை பற்றி வாய் திறக்காதே என்று போடாதீர்கள். 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்எம்வி இசைக்கடை நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியது. அது நடந்துகொண்டிருந்தபோதே நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் ஊழியர்கள் நேரலையாக எழுதினார்கள். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் அதிகாரி கேட்பதாகவும் எழுதினார்கள். அங்கே சாவி பிரச்சினையும் உண்டு, ஆனால் வேர் அது இல்லை. உள்ளே கேட்க ஆள் இருந்தால் வெளியே எழுத வேண்டியிருக்காது. விதிமுறையின் கடைசிப் பத்தியில், குறையை யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று ஒரு பெயரும் எண்ணும் இருக்கட்டும்.

மொத்தமும் ஒரு பக்கத்துக்குள், பேச்சுத் தமிழில். சமையல்கட்டில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பன்னிரண்டு பக்க ஆங்கிலப் படிவம் யாரையும் காக்காது.

முகப்புத்திண்ணை:
எல்லாருக்கும் நன்றி. பூட்டிய வீடு விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, நாளையே பட்டறையில் சொல்லிவிடுகிறேன். ஒரே கேள்வி பாக்கி: இவ்வளவுக்குப் பிறகும் தவறான பதிவு போய்விட்டால், அல்லது எங்கள் பெயரில் வேறு யாராவது கணக்குத் தொடங்கினால், முதல் அரைமணி நேரத்தில் என்ன செய்வது?

பெட்டகச்சாவி:
தவறான பதிவு என்றால்: டெலிட் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பும் எடுத்து வையுங்கள், நேரம் தெரிய வேண்டும். இலவசக் கணக்கில் திருத்தும் வசதி இல்லை, அதனால் நீக்குவதுதான் வழி. நீக்கிவிட்டு மௌனமாக இருக்காதீர்கள், ஏனென்றால் பார்த்தவர் கையிலும் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். என்ன நடந்தது, யாருக்கு வருத்தம், இனி என்ன, இந்த மூன்றும் ஒரே பதிவில். "எங்கள் கணக்கு ஹேக் ஆகிவிட்டது" என்று பொய் சொல்லாதீர்கள், அந்த ஒரு பொய்க்குத்தான் ஊர் கூடும். எழுதிய ஆளின் பெயரை வெளியே சொல்லவும் வேண்டாம். நேரம் குறித்துவைத்த பதிவுகள் வரிசையில் இருந்தால் அவற்றை நிறுத்துங்கள், பலரும் மறப்பது இதுதான்: மன்னிப்புக்கு அடுத்த நிமிடம் 'பண்டிகைத் தள்ளுபடி' போய் நிற்கும்.

உண்மையிலேயே ஹேக் என்றால் பாஸ்வேர்டு, எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேற்றம், இணைத்த செயலிகள், மெயிலின் பாஸ்வேர்டு, இந்த வரிசையில். மெயிலுக்குள்ளும் ஆள் புகுந்திருக்கும் சந்தேகம் இருந்தால் மெயிலை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மாற்ற மாற்ற அவன் திரும்ப எடுப்பான்.

போலிக் கணக்கு என்றால் நீல டிக்கைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், அதை நம்பியிருக்கவும் வேண்டாம். 2022 நவம்பரில் எட்டு டாலர் கட்டி டிக் வாங்கிய போலிக் கணக்கு ஒன்று எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் 'இன்சுலின் இனி இலவசம்' என்று எழுதியது. நிறுவனம் மறுத்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உங்கள் உண்மையான கணக்கின் முகவரியை வலைத்தளத்திலும், வரவேற்பு மேசையிலும், பில்லிலும், பலகார டப்பாவிலும் இப்போதே அச்சிட்டுவிடுங்கள். போலி வந்ததும் அதன் முகவரியைப் பிரதி எடுத்து, ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் எக்ஸுக்குப் புகார் செய்யுங்கள். உங்கள் கணக்கில் மேலே பின் செய்து எச்சரியுங்கள். அந்தப் போலி யாரிடமாவது அறை முன்பணம் வாங்கியிருந்தால், பணம் போனவரை உடனே இணைய மோசடி உதவி எண் 1930ஐ அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு உரியது, புகார் மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, பேக்கப் கோடு இருக்கும் அதே பெட்டியில் ஒரு பிரதி, வரவேற்பு மேசையில் ஒரு பிரதி. மேசைப் பிரதியில் கோடு இருக்கக் கூடாது.