எங்கள் ‘பெர்னாண்டோ’ எந்தக் கரையில் ஏறியது?

கொட்டாஞ்சேனையான்:

வீட்டில் தமிழ், கோவிலில் தமிழ்ப் பூசை, பெயரின் வாலில் பெர்னாண்டோ. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பெயரைப் பார்த்ததும் சிங்களத்தில் பேசத் தொடங்குகிறார்கள். நான் தடுமாறினால் ஏதோ ஏமாற்றுகிறேன் என்பதுபோலப் பார்க்கிறார்கள். பழகிவிட்டது. 83 ஆடிக் கலவரத்தில் அந்தப் பெயர்தான் எங்கள் வாசலைக் காத்தது என்று அப்பா சொல்வார். அதனால் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

எங்கிருந்து வந்தோம் என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்: “நாங்கள் கொழும்புதான்.” தாத்தா சாகும்வரை அதைத்தான் சொன்னார். சென்ற வாரம் தகரப்பெட்டியைக் கிளறியபோது இரண்டு விடயங்கள் இடித்தன. ஒன்று, பிறப்புச் சான்றிதழ்கள். என்னுடையதில் ‘பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால்’ என்ற கூட்டில் தாத்தாவின் பெயர், 1916, கொழும்பு என்று இருக்கிறது. அப்பாவுடையதில் (1956) அதே கூட்டில் ஒரு கோடு மட்டும். மை ஊறும் அளவுக்கு அழுத்தி இழுத்த கோடு. மற்றது, பூட்டனுடைய செபப் புத்தகம். முதல் பக்கத்தில் தமிழில் அவர் பெயர். அதில் பெர்னாண்டோ இல்லை, ‘பர்னாந்து’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழையா, வேறு ஏதுமா?

முத்துக்குளித்துறை:

பிழை இல்லை, தம்பி. தூத்துக்குடியில் இன்றும் அப்படித்தான் எழுதுவோம். அந்த நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த நகரசபைத் தலைவரே குரூஸ் பர்னாந்துதான்.

பெயரின் கதை வேடிக்கையானது. போர்த்துக்கலில் பெர்னாண்டோ என்பது ஆளுக்கு வைக்கும் பெயர். குடும்பப் பெயர் பெர்னாண்டஸ், அதாவது பெர்னாண்டோவின் மகன். கோவாவில் அந்தப் பெர்னாண்டஸ்தான் நிலைத்தது. நம் கரையிலும் இலங்கையிலும் ஆட்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. 1530களில் முத்துக்குளிக்கும் உரிமைக்கு நடந்த போட்டியில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி, நம் கரையின் கடலோடிகளான பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். புனித சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542இல். ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கேயரின் பெயர் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே லிஸ்பனில் சொந்தக்காரர் தேட வேண்டாம்! எங்கள் மாமா ஒருவர் தேடினார். தபால் செலவுதான் மிச்சம்.

நீர்கொழும்புக்காரி:

அண்ணா சொல்வது சரி, ஆனால் பெர்னாண்டோ என்றதும் எல்லோரையும் தூத்துக்குடியில் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையிலும் இதே வேலையைச் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் பெர்னாண்டோவுக்கு முன்னால் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்று ஒரு நீளப் பெயர் நிற்கும். மொரட்டுவையில் பௌத்த பெர்னாண்டோமார் நிறைய. என் பாட்டி செபமாலை சொன்னது தமிழில், மீன் விலை பேசியது இரண்டு மொழியிலும், என் பிள்ளைகள் படிப்பது சிங்களத்தில். பெயர் மட்டும் மாறவே இல்லை. கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கு அப்படி முன்பெயர் ஏதும் உண்டா? இல்லையென்றால் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற ஞானப்பெற்றோரின் பெயரைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

செபப் புத்தகத்தை விட எனக்கு அந்தக் கோடுதான் பெரிது. இப்படிப்பட்ட கூடுகளை நிரப்பியே என் உத்தியோக காலம் போனது. கூட்டில் கோடு என்றால் அப்பாவின் பாட்டனார், அதாவது உங்கள் பூட்டனார், இங்கே பிறக்கவில்லை என்று பொருள்.

அது வெறும் கோடு இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி கொழும்பில் பிறந்தது மட்டும் உங்கள் தாத்தாவுக்குப் போதாது. அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அவருடைய பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். 32 வயதில், பிறந்த ஊரிலேயே, அவர் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி அவர் முன் வந்து நின்றிருக்கும். மறுவருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன்படி விண்ணப்பித்துப் பதிந்துகொண்டவர்கள் உண்டு. இந்தச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்கள் ஆனதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். புறக்கோட்டைக் கடைக்காரனுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அதே சட்டம்தான். அந்தக் காலத்தில் ‘தூத்துக்குடி’ என்று வாய் தவறிச் சொல்வதை விட ‘நாங்கள் கொழும்புதான்’ என்பது பாதுகாப்பு. சிங்களவர் காதுக்கும் பழக்கமான பெயர் இருந்தது இன்னும் வசதி. தாத்தாவைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியின் அடியில் பிரசாவுரிமைப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனையான்:

முன்பெயர் ஏதும் இல்லை, தங்கச்சி. நேற்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். கரையான் அரித்த ஓரம், 1916, தாத்தாவின் பெயர். ஞானத்தந்தை: மொத்தா. ஞானத்தாய்: கொரேரா.

முத்துக்குளித்துறை:

இரண்டும் எங்கள் ஊர்ப் பெயர்கள். இனி என்ன சந்தேகம்! 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வருவதற்கு முன்னரே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேரே கப்பல் ஓடியது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்த வழிக்குத்தான். பூட்டனார் எந்த வருடம் ஏறினார்?

கொட்டாஞ்சேனையான்:

வருடம் தெரியவில்லை. ஆனால் ஐயா சொன்ன சான்றிதழ் இருந்தது. பெட்டியின் அடியில் விரித்த பழைய செய்தித்தாளுக்கும் கீழே, நான்காக மடித்து. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு, “இதை மறுபடியும் அங்கேயே வை” என்றார்.