வளைவுக் காசும் சின்னம்மாவின்ர நெல்லும்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை வந்த மடலில எங்கட ஊர் வாசலில கட்டப்போற வளைவுக்கு ஆளுக்கு 200 டொலர் கேட்டிருந்தீங்கள். நான் முல்லைத்தீவில எங்கட ஊர் முத்தையன்கட்டு இடதுகரையில மூண்டு கிழமை நிண்டுட்டு வந்து இண்டைக்குப் பன்ரண்டு நாள். கண்டதைச் சொல்லாமல் காசு அனுப்ப மனம் வரேல்லை.

நான் போகேக்க, குளத்துத் தண்ணியில செய்யிற சிறுபோகத்தின்ர வெட்டு முடியிற நேரம். குளம் அடிமட்டத்தில கிடக்கு, வாய்க்கால் காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு. தண்ணி காணாதெண்டு சிறுபோகக் கூட்டத்தில ஏக்கருக்குக் கால் ஏக்கர்தான் விதைக்க விட்டவையாம். சின்னம்மாவின்ர மூண்டு ஏக்கருக்கு முக்கால் ஏக்கர். அதிலயும் காட்டுப் பக்கத்து வரம்போரத்தை யானை உழக்கிப்போட்டுது. மிச்சத்தை வெட்டு மெசின் ஒரு மணித்தியாலத்துக்குள்ள வெட்டிக் கொட்டிச்சுது.

கொட்டி முடிய முதலே வியாபாரியின்ர லொறி வந்து நிக்குது. ஈர நெல்லு எண்டு விலையில ஒரு வெட்டு, கழிவெண்டு மூடைக்கு இரண்டு கிலோ. அரசாங்கத்தின்ர நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் குடுக்கிறதெண்டால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. மெசினால வாற நெல்லு 20ஐத் தாண்டி நிக்கும். காயப்போட இடமில்லாத சனம் லொறிக்காரன் சொல்லுற விலைக்குத்தான் குடுக்குது. மாரியோட செய்யிற காலபோகத்துக்கு உழவுக்கூலி, பசளைக்காசு எல்லாம் உடன தேவை. அடகில கிடக்கிற நகை வேற.

சின்னம்மா குடுக்கேல்லை. பதினஞ்சு மூடையையும் லான்ட்மாஸ்டர் கை உழவு மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டுபோய் தார் றோட்டில ஒரு பக்கமாப் பரவினா. டிப்பர் ஏறாமல் ஓரத்தில கல்லு அடுக்கி, உச்சி வெயிலுக்க வெறுங்காலோட நெல்லுக்குள்ள நடந்து காலாலயே சால் கீறிக் கீறிப் பிரட்டினா. அறுபத்தெட்டு வயசு. குதிக்கால் ரெண்டும் வெடிச்சுக் கிடக்கு. ஒரு நெல்லை எடுத்துப் பல்லில கடிச்சுப் பாத்திட்டு, "நறுக்கெண்டு முறியேல்லைப் பிள்ளை, இன்னும் ஒரு வெயில் வேணும்" எண்டா. அந்த ஒரு வெயில் கிடைக்கேல்லை. மூண்டரை மணிபோல இருட்டிக்கொண்டு வந்து அடிச்ச மழைக்கு நானும் அவவும் கூட்டி அள்ளினம். படங்கு பழசு, நடுவில கிழிசல். கீழ்க்கரையால ஓடின தண்ணி நாலு மூடைக்குள்ள போட்டுது. மூண்டாம் நாள் அவிழ்த்துப் பாக்க வெள்ளை வெள்ளையா முளை. அது கோழிக்கும் மாட்டுக்கும்தான். அண்டு பின்னேரம் அவ ஒண்டும் கதைக்கேல்லை. அடுப்படியில குந்தியிருந்து கச்சான் உடைச்சுக்கொண்டிருந்தா.

பாரிஸ் அண்ணை, சுத்தியிருக்கிற ஊரெல்லாம் வளைவு நிக்குது, எங்கட ஊருக்குத்தான் இல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். உங்கட ஆசை எனக்கு விளங்குது. ஆனா 1970இல இருந்து 77 வரைக்கும் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தைக் கட்டுப்படுத்தி வைச்ச காலத்தில கொழும்பு லொறியள் எங்கட பக்கம் தேடி வந்ததுகள். அப்ப எந்தச் சந்தியில வளைவு நிண்டது? அப்பா சொல்லுவார், செத்தல் மிளகாய் காயிற நாளில ஊருக்குள்ள வாறவை தும்மிக்கொண்டுதான் வருவினம் எண்டு. அரசாங்கத்தின்ர இளைஞர் குடியேற்றத் திட்டத்தில காணி கிடைச்சுக் காடு வெட்டின பெடியள் கட்டின ஊர் இது. அதுக்கு நல்ல பேர் வந்தது விளைச்சலாலதான்.

சூரிச் மாமா முந்தி ஊர்க் கிணத்துக்கு அனுப்பின காசின்ர கணக்குக் கேக்கிறது நியாயம். அவரைப் பிழை சொல்லாதேங்கோ. அதில என்ர கையால போன 40,000 ரூபாவுக்கான பற்றுத் துண்டு என்னட்ட இருக்கு, படம் பிடிச்சு இத்தோட போட்டிருக்கிறன். மற்றவையும் தங்கட துண்டுகளைப் போடுங்கோ. அந்தக் கிணத்து மோட்டர் எரிஞ்சுபோய்க் கிடக்கிறதையும் பாத்தனான்.

லண்டன் தம்பி, நீ எழுதினதுதான் என்னைச் சுட்டது. "அங்க உள்ளவைக்குப் பஞ்சி, எங்கட காசைப் பாத்துக்கொண்டு இருக்கினம்" எண்டு எழுதிப்போட்டாய். 2021இல அரசாங்கம் செயற்கைப் பசளையை நிப்பாட்டின வருசம் சின்னம்மாவுக்கு வழமையில அரைவாசியும் வரேல்லை. அந்த வருசமும் அவ உங்களிட்டச் சதம் கேக்கேல்லை. உன்னை வெளியில அனுப்ப ஆரின்ர காணி உறுதி ஈடு போனது எண்டு உன்ர அம்மாட்டக் கேள். கேட்டிட்டுப் பிறகு எழுது.

நான் கேக்கிறது இதுதான். சனசமூக நிலையத்துக்குப் பின்னால கிடக்கிற வெறுங்காணியில 60 அடிக்கு 40 அடியில சீமெந்துத் தளம் ஒண்டு, நடு கொஞ்சம் உயர்த்தி, தண்ணி வழிஞ்சோட. அதோட நல்ல படங்கு ஆறு. வெட்டின கையோட விக்காமல் ரெண்டு மூண்டு வெயில் காயவைக்க ஏலுமெண்டால் விலை கேக்கிறது எங்கட சனமாயிருக்கும். முறை வைச்சுப் பாவிக்கிறதைக் கமக்கார அமைப்பு பாக்கும், அவையோட கதைச்சிட்டன். மாரி துவங்கினால் கொங்கிறீட் போடேலாது. காலபோக வெட்டு தையில துவங்கிவிடும். ஆனபடியால் இந்த மாதத்துக்குள்ள முடிவு சொல்லுங்கோ.

என்ர 200ஐ வளைவுக்கு எழுதவேண்டாம். தளமெண்டால் 500 டொலர் நாளைக்கே போடுறன். கணக்கைச் சூரிச் மாமாவே வைச்சிருக்கட்டும்.

நான் வெளிக்கிட்ட அண்டு சின்னம்மா நனையாத நெல்லில விதைக்கெண்டு ரெண்டு மூடையைப் புறம்பா எடுத்துக் கட்டி, வீட்டுக்குள்ள தன்ர கட்டிலடியில வைச்சிருந்தா.

அன்புடன்,
வாய்க்கால் வீட்டு மூத்தவள்
ஸ்காபரோ