மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் குடும்பம்: தாழ்ந்த குரலுள்ள என் மகளுக்காக ஒரு கேள்வி

செந்தூல்_கிட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறோம். வீட்டில் நான் கிட்டார் வாசிப்பேன், மனைவி ஆர்மோனியம், பிள்ளைகள் மூவரும் பாடுவார்கள். டிசம்பர் மாதம் வீடு வீடாகக் கேரல் பாடப் போகும்போது எங்கள் குடும்பத்தை முதல் வேனிலேயே ஏற்றிவிடுவார்கள்.

என் நடு மகளுக்கு வயது பதினான்கு. மற்றப் பெண்கள் ஐந்து கட்டைச் சுருதியில் தாராளமாகப் பாடும் இடத்தில் இவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஆனால் கீழே இறங்கிப் பாடினால் கூடமே அதிரும். போன வருடம் ஒத்திகையில் ஒருவர், "பெண் பிள்ளைக்கு இது என்ன ஆம்பிளைக் குரல்" என்று சொல்லி ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் வரிசையில் நிற்கிறாளே தவிர, வாயை மட்டும் அசைக்கிறாள்.

வேலையிடத்து நண்பர் ஒருவர், தகப்பனோடும் உடன்பிறந்தாரோடும் பாடிய அமெரிக்க நற்செய்திப் பாடகி, சிகாகோவைச் சேர்ந்த மேவிஸ் ஸ்டேப்பிள்ஸின் பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டேன், அசந்துபோனேன். அந்தக் குடும்பம் எப்படி உருவானது, தகப்பனார் பிள்ளைகளை எப்படிப் பழக்கினார் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: அவர்கள் பிற்காலத்தில் பாடியவற்றை நற்செய்திப் பாடல் என்று சொல்லலாமா, அல்லது வெறும் பாப் பாட்டா? சபையில் போட்டுக் காட்டினால் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_ஆல்ட்டோ எழுதியது:

சகோதரரே, நானும் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையில் முப்பது வருடம் நின்றவள் என்பதால் உங்கள் மகளின் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

குடும்பத்தின் ஆணிவேர் தகப்பனார் ரோபக் ஸ்டேப்பிள்ஸ். எல்லாரும் அவரை 'பாப்ஸ்' என்றே அழைத்தார்கள். 1914-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். டாக்கரி என்ற பெரிய பருத்தித் தோட்டத்தில் வளர்ந்து, அங்கே வாசித்த புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கலைஞர் சார்லி பாட்டனைக் கேட்டுக் கேட்டே கிட்டார் கற்றார். 1930-களில் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து இறைச்சித் தொழிற்சாலை போன்ற இடங்களில் உடலுழைப்பு வேலை பார்த்தார். மேவிஸ் 1939-இல் சிகாகோவில் பிறந்தார்.

பாப்ஸ் முதலில் பெரியவர்களின் குழு ஒன்றில்தான் பாடினார். ஒத்திகைக்கு இன்று ஒருவர் வருவார், நாளை இன்னொருவர் வரமாட்டார். (இது எந்த ஊர்ப் பாடகர் குழுவில்தான் நடக்கவில்லை!) சலித்துப்போன மனிதர், அடகுக்கடையிலிருந்து ஒரு கிட்டாரை வாங்கி வந்து, பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் கிட்டாரில் ஒரு சுரத்தைத் தட்டி, "இது உன்னுடையது" என்று பிரித்துக் கொடுத்தார். மிசிசிப்பியில் தம் உடன்பிறந்தாரோடு பாடிய பழைய பாடல்களைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். 1948-இல் உறவினர் ஒருவரின் தேவாலயத்தில் அரங்கேற்றம். சபையார் மறுபடியும் மறுபடியும் பாடச் சொன்னபோது பிள்ளைகள் அதே பாட்டையே திரும்பப் பாடினார்கள். முழுமையாகத் தெரிந்தது அந்த ஒரு பாட்டுதான் என்று மேவிஸ் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். ஆரம்பத்தில் முன்னின்று பாடியவன் அண்ணன் பெர்விஸ். பையனுக்குக் குரல் உடைந்தவுடன் அந்த இடத்துக்குத் தங்கை மேவிஸ் வந்தார். தகப்பன் மகளை மேலே ஏறச் சொல்லவில்லை. அவளது அடிக்குரலைச் சுற்றி மற்றவர்களின் குரல்களை அடுக்கினார். 1956-இல் வீ-ஜே என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் அவர்கள் பதிவுசெய்த 'அன்க்ளவுடி டே' வானொலியில் ஒலித்தபோது, இடையில் வரும் அந்தக் கனத்த குரலைப் பலர் ஆண் குரல் என்றே நம்பினார்கள். பாடியது பதின்ம வயதுப் பெண் என்று சொன்னால் பந்தயம் கட்டினார்களாம். இதை உங்கள் மகளிடம் முதலில் சொல்லுங்கள்.

---

பினாங்கு_பேஸ் எழுதியது:

தம்பி, மேலே எழுதிய சகோதரி சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பாப்ஸின் கிட்டாரைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரில், ஒலியை ஏற்றி இறக்கி நடுங்க வைக்கும் டிரெமலோவைத் திறந்து வைத்து வாசிப்பார். ஒவ்வொரு சுரமும் தண்ணீரில் விழுந்த விளக்கொளி போல மங்கி மங்கி ஒளிரும். சுரங்கள் மிகக் குறைவு. குரல்களுக்கு இடம் விட்டு வாசிக்கும் கை அது. கிட்டார் வைத்திருக்கும் நம் தகப்பன்மார் பலர், பிள்ளை வாய் திறப்பதற்குள் நாலு கோர்டு அடித்து முடித்துவிடுகிறார்கள். நானும் அந்தக் குற்றவாளிதான்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். 1968-இல் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போன பிறகு அவர்கள் பாடியவை நடனக்கூடத்துக்கும் ஏற்றவை. 'ஐல் டேக் யூ தேர்' 1972-இல் அமெரிக்கப் பாப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பாட்டில் ஆண்டவரின் பெயர் எங்கே வருகிறது? கீர்த்தனையும் பாமாலையும் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்கு அதை ஆராதனையில் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அங்கேயும் அவர்களது சொந்தச் சபையார் பலர் இதே காரணத்தால் முகம் சுளித்தார்கள்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_ஆல்ட்டோ எழுதியது:

ஐயா, உங்கள் சங்கடத்தை மதிக்கிறேன். மேவிஸே சிறுமியாகப் பாட்டி வீட்டில் இருந்தபோது, பள்ளி மேடையில் காதல் பாட்டு ஒன்றைப் பாடியதற்காகப் பாட்டியிடம் பிரம்படி வாங்கியவர்; ஆகவே இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 'ஐல் டேக் யூ தேர்' பாட்டைப் பேயின் இசை என்று சிலர் பழித்தபோது, யாரும் அழாத, யாரும் கவலைப்படாத இடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று பாடுகிறோமே, அது பரலோகம் இல்லாமல் வேறு எந்த ஊர் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பாப்ஸ் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, இவர் பிரசங்கிக்க முடிந்ததை நம்மால் பாட முடியும் என்று பிள்ளைகளிடம் சொன்னதிலிருந்தே அவர்களது பாட்டின் திசை மாறிவிட்டது. 1965-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலம் முடிந்த சில வாரங்களில், சிகாகோவின் ஒரு தேவாலயத்தில் சபையார் நடுவிலேயே ஓர் இசைத்தட்டைப் பதிவுசெய்தார்கள். தெருவில் நடந்த போராட்டமும் ஆராதனையும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன.

நம்மிடமும் இது புதிதல்ல. நம் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கோயில் நாடகமும் அரசவையும் போற்றிய, குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். இன்று அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

---

பினாங்கு_பேஸ் எழுதியது:

சாஸ்திரியாரைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனாலும் குறவஞ்சியில் கிறிஸ்துவின் பெயர் இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தம்பி, சபையில் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் 1969-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த இசை விழாவின் காட்சியைக் காட்டுங்கள். 'சம்மர் ஆஃப் சோல்' என்ற ஆவணப்படத்தில் இருக்கிறது. உடல்நிலை சரியில்லாத மூத்த நற்செய்திப் பாடகி மஹலியா ஜாக்சன் தனக்குத் துணையாகப் பாடும்படி மேவிஸிடம் கேட்டுக்கொள்ள, கிங்கிற்கு மிகவும் பிடித்த பாடலை இருவரும் ஒரே ஒலிவாங்கியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடுகிறார்கள். எந்தப் பெரியவரும் அதை மறுக்க மாட்டார். அந்த மஹலியா 1971-இல் சென்னைக்கும் வந்து பாடியவர் என்பதை எங்கள் தலைமுறைக்குச் சொன்னால் இன்னும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாப்ஸ் 2000-இல் காலமானார். அதன்பின் மேவிஸ் சிறிது காலம் பாடாமலே இருந்தார். பிறகு தம் சொந்தச் செலவில் பதிவு செய்து 2004-இல் தனி இசைத்தட்டோடு திரும்பினார். தனிப்பாடகியாக அவருக்கு முதல் கிராமி விருது 2011-இல்தான், எழுபதைத் தாண்டிய பிறகுதான், கிடைத்தது. தகப்பனார் கடைசியாகப் பதிவு செய்த பாடல்களை, தொலைத்துவிடாதே என்று சொல்லி மேவிஸ் கையில் கொடுத்திருந்தார். அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து 2015-இல் மகள் அதை வெளியிட்டார். அண்ணனும் அக்காமாரும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இப்போது மேடையில் மேவிஸ் தனியாகத்தான் நிற்கிறார்.

---

செந்தூல்_கிட்டார் எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். சின்னவன் கேலி செய்தான், இருந்தாலும் உட்கார்ந்தான். ஐந்து கட்டையை விட்டு மூன்றுக்கு இறக்கி, மூத்தவளை மேல் வரிசைக்கும் சின்னவனை நடுவுக்கும் அனுப்பினேன். ஐயா சொன்னதை நினைத்து இரண்டு தந்திகளுக்கு மேல் தொடவில்லை. நடு மகள் முதல் சரணத்தில் வாயை மட்டுமே அசைத்தாள். இரண்டாவது சரணத்தில் குரல் வந்தது. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி குழாயை மூடிவிட்டு, "யார் அது, நீங்களா?" என்று கேட்டார்.