ஒரே விளையாட்டை ஊர் ஊராக ஆடினால் அது ‘கிராஸ்-கல்ச்சுரல்’ ஆய்வா?

வைகைக்கரையான்: இரண்டு நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ‘கிராஸ்-கல்ச்சுரல் ஆய்வு’, அதாவது பண்பாடுகளை ஒப்பிடும் ஆய்வு என்று பெயர் போட்டுக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடுகளை ஒப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அந்தந்த ஊர்க்காரர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று பார்க்காதவரை பண்பாடு அதற்குள் வரவே இல்லை.

தேன்மொழி: அளவுகோல் ஒன்றாக இருந்தால்தானே ஒப்பிடவே முடியும்? அல்டிமேட்டம் விளையாட்டை எடுங்கள். ஒருவர் கையில் பணம். அதில் ஒரு பங்கை யாரென்று தெரியாத இன்னொருவருக்குத் தர முன்வர வேண்டும். அவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அமெரிக்க மாணவர்கள் பெரும்பாலும் 40-50 சதவீதம் தருகிறார்கள். 1990களில் மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் பெரு நாட்டு மாச்சிகெங்கா மக்களிடம் இதை நடத்தியபோது சராசரி 26 சதவீதம்தான். அதையும் அநேகமாக யாரும் மறுக்கவில்லை. மனித இயல்பு என்று நம்பியது ஒரு சமூகத்தின் பழக்கம்தான் என்பது இப்படித்தானே தெரிந்தது! விதியை ஊருக்கு ஊர் மாற்றியிருந்தால்?

வைகைக்கரையான்: அதன் தொடர்ச்சியாக 15 சிறு சமூகங்களில் இதே விளையாட்டை நடத்தினார்களே, அதில் வந்த பாப்புவா நியூ கினியின் அவ், க்னாவ் மக்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? பாதிக்கு மேல் தர முன்வந்தும் பலர் வேண்டாம் என்றார்கள். அங்கே கேட்காமல் வரும் பெரிய கொடை, பின்னால் திருப்பித் தரவேண்டிய கடன். மொய் நோட்டு வைத்திருக்கும் நமக்கு இது உடனே புரியும். அப்போது விளையாட்டு அளந்தது பெருந்தன்மையையா, கடன் பயத்தையா? எண் அதைச் சொல்லாது.

நெய்தல்: அதே ஆய்வில் இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தில் தர முன்வந்த பங்கின் சராசரியே பாதியைத் தாண்டியது. கூட்டாகத் திமிங்கிலம் பிடிப்பவர்கள். யாருக்கு எந்தப் பங்கு என்பதில் கறாரான முறை உண்டு. அந்த 15 சிறு சமூகங்களில் ஆய்வு செய்தவர்களில் பெரும்பாலோர் அங்கங்கே ஏற்கெனவே தங்கிப் பழகிய மானிடவியலாளர்கள். அதனால்தான் காரணம் பிடிபட்டது.

தேன்மொழி: சரி, பழகியவர்கள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஒரே விளையாட்டைக் கொண்டுபோனதால்தான் அவ் மக்களின் மறுப்பு கண்ணில் பட்டது. 2008இல் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் முன்னணி அமெரிக்க உளவியல் இதழ்களைப் புரட்டிப் பார்த்தார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் தொழில்வளம் மிக்க மேலை நாட்டவர். நீங்கள் இவ்வளவு நிபந்தனை போட்டால் மற்றவர்களைத் தேடி யார் போவார்கள்?

வைகைக்கரையான்: போகட்டும், நான் தடுக்கவில்லை. கேள்வித்தாளை மட்டும் அனுப்புகிறவர்கள் ‘இரு நாட்டு ஒப்பீடு’ என்று எழுதட்டும். பங்கை மறுத்தவரிடம் ஏன் என்று அவர் மொழியிலேயே கேட்டு, அந்தப் பதிலையும் எண்ணோடு சேர்த்து வெளியிடுகிற ஆய்வுக்கு மட்டும் ‘கிராஸ்-கல்ச்சுரல்’ என்ற பெயர் போதும்.