80 எம்பி காலியாக இருந்தும் "ஆர்டர் 4" ஒதுக்கீடு தோற்கிறது – கெர்னல் டிரைவர், உதவி வேண்டும்

கேட்பவர், ஏற்காடு:
வணக்கம். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டங்களில் மழையும் மண் ஈரமும் அளக்கும் சென்சார்கள் வைத்திருக்கிறோம். தரவை வாங்கும் பெட்டியில் லினக்ஸ், 256 எம்பி ராம். டிரைவர் நாங்களே எழுதியது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கேமாலாக்கில் (கெர்னலுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) 520 பைட்டு. போதுமான அளவு சேர்ந்ததும் இன்டரப்டுக்குள்ளேயே (வன்பொருள் அழைத்ததும் உடனே ஓடும், காத்திருக்கக் கூடாத பகுதி) 36 கேபி பஃபர் எடுத்து, நிரப்பி அனுப்பிவிட்டு விடுவிக்கிறோம்.

சில நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் "பேஜ் அலகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 4" என்று வந்து தரவு போய்விடுகிறது. விடுவிக்காத நினைவகத்தைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக்கில் கசிவு எதுவும் இல்லை. எந்த அளவுத் துண்டு எத்தனை காலியாக இருக்கிறது என்று காட்டும் பட்டிஇன்ஃபோ வரி இது:
நார்மல் 9120 4388 517 31 0 0 0 0 0 0 0

பதில், சேலம் சூரமங்கலம்:
விடை அந்த வரியிலேயே இருக்கிறது. முதல் எண் 4 கேபி துண்டுகள், அடுத்தது 8, பிறகு 16, 32. அதற்கு மேல் எல்லாம் பூஜ்யம். நீங்கள் கேட்பது 36 கேபி. கெர்னல் அதை 64 கேபியாக உயர்த்தி, அடுத்தடுத்து 4 கேபி பக்கங்கள் 16ஐத் தேடுகிறது (2இன் 4ஆம் அடுக்கு 16, அதுதான் ஆர்டர் 4). இடம் இருக்கிறது, சேர்ந்தாற்போல் இல்லை. இன்டரப்டுக்குள் ஜிஎஃப்பி_அடாமிக் (காத்திருக்காமல் உடனே கொடு என்னும் கொடி) தான் போட முடியும். அதனால் பக்கங்களை நகர்த்தி இடம் உண்டாக்கும் வரை காத்திருக்கவும் வழியில்லை.

ப்ரோப் நேரத்திலேயே (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது) இரண்டு பஃபர் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அந்த பஃபர் டிஎம்ஏவுக்கு (சாதனம் நேரடியாக நினைவகத்தைத் தொடுவது) போகாதென்றால் ப்ரோபில் கேவிமாலாக் போதும், அதற்குச் சேர்ந்தாற்போல் இடம் தேவையில்லை.

பதில், அஸ்தம்பட்டி:
கிரானில் (குறித்த நேரங்களில் கட்டளை ஓட்டுவது) காம்பாக்ட்_மெமரிக்கு 1 எழுதி, பக்கங்களை அவ்வப்போது ஒன்றுசேர்க்க வைத்தால் போதாதா?

சூரமங்கலம்:
தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அடுத்த கனமழையில் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

பதில், அம்மாபேட்டை:
520 பைட்டையும் கவனியுங்கள் நண்பரே. கேமாலாக்கில் 512க்கு அடுத்த அளவு 1024. பாக்கெட்டுக்கு 504 பைட்டு வீண். கேமெம்_கேஷ்_கிரியேட் கொண்டு உங்களுக்கென்றே ஒரு கேஷ் (ஒரே அளவு ஆப்ஜெக்ட்டுகளுக்கான தொகுப்பு) வைத்தால், 4096 பைட்டுப் பக்கத்தில் 4க்குப் பதில் 7 அடங்கும். சிபியூவின் 64 பைட்டுக் கேஷ் லைனுக்கு ஒழுங்குபடுத்தி 576 ஆனாலும் அதே 7 தான். கேஷ்களின் பட்டியலான ஸ்லாப்இன்ஃபோவில் பெயர் தெரியாவிட்டால் பதற வேண்டாம், இப்போதைய ஒதுக்கியான ஸ்லப் அதை இன்னொரு கேஷோடு இணைத்திருக்கும். ஸ்லாப்_நோமெர்ஜ் போட்டு பூட் செய்தால் தனியாகத் தெரியும். பழைய ஸ்லாப் ஒதுக்கியை 6.8 கெர்னலில் நீக்கிவிட்டார்கள், அதற்கான டியூனிங் குறிப்புகளைத் தேடி நேரத்தை விடாதீர்கள்.

கேட்பவர்:
இரண்டையும் செய்தேன். நேற்றைய மழையில் ஒரு பாக்கெட்டும் தவறவில்லை. மிக்க நன்றி! ஆனால் மாட்யூலை இறக்கினால், கேஷில் இன்னும் ஆப்ஜெக்ட் இருப்பதாக எச்சரிக்கை வருகிறதே?

அம்மாபேட்டை:
வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகள் அவை. முதலில் ஃப்ரீ_ஐஆர்க்யூ கொண்டு இன்டரப்டை நிறுத்துங்கள், பிறகு வரிசையில் இருப்பதையெல்லாம் விடுவியுங்கள், கடைசியில்தான் கேஷை அழிக்கும் கேமெம்_கேஷ்_டெஸ்ட்ராய்.