மறுமொழி: வாசிப்பவரே திருத்தும் தளங்களுக்கு ஒரு பொதுச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே பொதுப்பெயராக வைத்துக்கொண்டால் என்ன?

அம்பை டீச்சர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெயர் விக்கிப்பீடியாவுக்குப் பொருந்தும், வாசிப்பவரே திருத்தும் தளங்கள் மொத்தத்துக்கும் பொருந்தாது. விக்சனரி அகராதி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம். இரண்டையும் களஞ்சியம் என்று எப்படிச் சொல்வது? மேலும், ‘கட்டற்ற’ என்பது எடுத்தாளும் உரிமையைக் குறிக்கிறது. திருத்துகிற கை யாருடையது என்பதை அது சொல்லவில்லை. நமக்கு வேண்டியது அந்தக் கை.

கையை வைத்துப் பார்த்தால்தான் இந்தத் தளங்களின் வேறுபாடே புலப்படுகிறது. 2000-ல் வந்த நூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் அறிஞர்களை நம்பியது. ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். 2003-ல் மூடியபோது கரையேறியிருந்த கட்டுரைகள் ஏறத்தாழ 25. அதற்கு எடுபிடியாக 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா, வாசிப்பவரிடமே பேனாவைக் கொடுத்தது. எடுபிடி எசமானை விழுங்கிவிட்டது. இரண்டிலும் இருந்த லாரி சாங்கர் பிறகு சிட்டிசன்டியம் என்ற தளத்தைத் தொடங்கி, சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்றார். அது பெரிதாக வளரவில்லை. கூகுள் 2008-ல் திறந்த ‘நால்’ தளத்தில் பக்கம் எழுதியவருக்கே சொந்தம். ஒரே பொருளுக்குப் பத்துப் பேர் பத்துக் கட்டுரை எழுதலாம். 2012-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

இந்தக் கைக்கு நம் பக்கத்தில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: குடிமராமத்து. முன்பெல்லாம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன் வாய்க்காலில் இறங்கி அமலை என்ற நீர்க்களையை அறுத்தெறிந்து தூர் வாருவார்கள். யார் வயலுக்கு நீர் பாய்கிறதோ அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். ‘மராமத்து’ அரபியிலிருந்து வந்த சொல், அது கிடக்கட்டும். ‘குடி’யை மட்டும் எடுத்துக்கொண்டு ‘குடித்தொகுப்பு’ என்கிறேன்.

ஒரு நடப்பைச் சொன்னால் இந்தச் சொல்லின் எல்லை எங்கே என்பது தெரியும். ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) கன்னடியன் கால்வாய் தாமிரபரணியின் வடகரையில் ஓடுவதாக எழுதியிருந்தது. நான் அப்போது அந்தக் கால்வாயின் படித்துறையில்தான் உட்கார்ந்திருந்தேன். ‘வட’ என்ற இரண்டெழுத்தை அழித்து ‘தென்’ என்று இட்டேன். பத்து நிமிடத்தில் கால்வாய் மறுபடி வடகரைக்குப் போய்விட்டது. காரணம்: ‘ஆதாரம் இல்லை’. ஆதாரம் என் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது! கோபம் ஆறியபின் வீட்டுக்கு வந்து, அச்சான நூல் ஒன்றைச் சான்றாகக் காட்டித் திருத்தினேன்; நின்றுவிட்டது. இதே பிழையைப் போன ஆண்டே வேறொரு தளத்துக்கு எழுதி அனுப்பியிருந்தேன். கடிதத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கால்வாய் இன்னும் அங்கே வடகரையில்தான் ஓடுகிறது.

முதல் தளம் குடித்தொகுப்பு, இரண்டாவது அல்ல. ‘நால்’ தளத்தையும் சேர்க்க மாட்டேன்; பக்கத்துக்குச் சொந்தக்காரர் இசைந்தால்தான் அங்கே மண்வெட்டி போட முடியும். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் 2008 முதல் புதியவரின் திருத்தத்தை அனுபவசாலி ஒருவர் பார்த்த பிறகே பொது வாசகருக்குக் காட்டுகிறார்கள். அதைச் சேர்ப்பேன். மடையில் ஒரு காவலாள் நிற்கிறார், அவ்வளவுதான், அவரும் ஊர்க்காரர்.

‘குடி’ என்றதும் மது நினைவுக்கு வருமே என்பீர்கள். குடிதண்ணீரில் ஒற்று மிகவில்லை, குடித்தனத்தில் மிகுகிறது. நம் சொல்லிலும் மிகுவதால் குடும்பத்தைச் சேர்ந்த குடி என்று தெரிந்துவிடும்.

* * *

> நம் சொல்லிலும் மிகுவதால்

தம்பி, குடிப்பழக்கத்திலும் ஒற்று மிகத்தான் செய்கிறது. இலக்கணத்தைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் தப்பவும் வேண்டியதில்லை. குடிமராமத்து என்றதும் சாராயக்கடைக்கு வெள்ளையடிப்பதை யாரும் நினைத்ததில்லை.

என் கவலை வேறு. 2017-ல் குடிமராமத்து ஓர் அரசுத் திட்டத்தின் பெயராகிவிட்டது. என் பேரனிடம் கேட்டால் பொக்லைன் எந்திரம் என்பான், மண்வெட்டி என்று சொல்ல மாட்டான். நீங்கள் காட்டும் உவமை அவன் தலைமுறைக்கு எட்டாது. எட்டாவிட்டாலும் சொல் தானாக நிற்குமா என்றுதான் பார்க்க வேண்டும்; நிற்கும் என்றே படுகிறது, குடிமக்கள் என்ற சொல் அவனுக்குத் தெரியும்.

‘விக்கி’ என்றே விட்டுவிடலாம் என்று சங்கரன்கோவில் நண்பர் எழுதியிருந்தார். விக்கினால் குடிக்கத்தானே வேண்டும்? என் வாக்கு குடித்தொகுப்புக்கு.

பாளையிலிருந்து அண்ணாச்சி

* * *

அண்ணாச்சி, குடிப்பழக்கத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒற்று வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

குடித்தொகுப்பு (பெ.): வாசிப்பவர் எவரும் அங்கேயே திருத்தக்கூடிய தகவல் தொகுதி. (எ-டு) குடித்தொகுப்பு அகராதி, குடித்தொகுப்பு வரைபடம்.

அங்கே திருத்துகிற ஆளுக்கு ‘குடித்தொகுப்பாளர்’ என்று போட்டுப் பார்த்தேன், வாய் வலிக்கிறது. டீச்சர், குட்டையாக ஒன்று சொல்லுங்களேன்.